பல் வைத்தியரின் காற்றுச் சக்கரம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், பழைய மாணவியான பல் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்கள் தொழிலைப் பற்றி எல்லோருக்கும் விளங்கும்படி, பயன்படும்படி ஏதாவது பேசுங்கள்" என்று விழாக்குழு கேட்டது. பல்லை எப்படித் துலக்குவது என்று சொன்னால் நீங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டுவீர்கள். ஆகவே வேறொன்றைத் தெரிந்தெடுத்தேன். பல் வைத்தியரின் அறைக்கு வெளியே வாங்கிலில் இருக்கும்போது உள்ளிருந்து "ஙீ..." என்று ஒரு சத்தம் கேட்குமே, அந்தச் சத்தத்தைப் போடும் கருவியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நாங்கள் அதை ஹான்ட்பீஸ் என்போம். சனங்கள் "பல்லு ராவிற மெசின்" என்பார்கள்.

இதைத் தெரிந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. வன்னியில் ஒரு பிள்ளையின் கடைவாய்ப் பல்லை அடைத்துக் காப்பாற்றுவதா, பிடுங்கி எறிவதா என்பதைப் பல வேளைகளில் இந்தச் சிறு கருவியின் வடிவமைப்பும் அது இயங்கும் நிலையுமே தீர்மானிக்கின்றன. ஊருக்கு உதவி அனுப்ப விரும்பும் உங்களில் பலர் இதைப் போன்ற கருவிகளை வாங்கி அனுப்புகிறீர்கள். வாங்குபவருக்கு அதன் உட்பக்கம் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது.

முதலில் சிறிது வரலாறு. பல்லைத் துளைப்பது புதிய வேலையல்ல. பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் உள்ள மெஹர்கர் என்னும் இடத்தில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒன்பது பேரின் பதினொரு பற்களில் கற்கருவியால் துளையிட்ட அடையாளங்கள் கிடைத்துள்ளன. மணி கோப்பதற்குத் துளைத்த அதே கைத்திறன்தான். அதன்பின் 1871இல் அமெரிக்கரான மொறிசன், தையல் இயந்திரம்போலக் காலால் மிதித்து இயக்கும் துளைக்கும் கருவியைக் கொண்டுவந்தார். பின்னர் மின்மோட்டாரும் பட்டியும் வந்தன. ஆனாலும் நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றுகள்தான். பல்லின் மேற்படையான மிளிரிதான் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதை மெதுவாகச் சுழலும் ஊசியால் அரைத்தால் பல் முழுவதும் அதிரும், சூடேறும், நேரமும் ஆகும். நியூசிலாந்தில் பாடசாலைப் பிள்ளைகள் தங்கள் பற்சிகிச்சை நிலையத்துக்குக் "கொலைக்கூடம்" என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நியூசிலாந்திலிருந்தே மாற்றமும் வந்தது. ஒட்டாகோ பல் வைத்தியப் பீடத்தின் தலைவராயிருந்த ஜோன் வோல்ஷ் 1949இல் காற்றால் சுழலும் கருவிக்குக் காப்புரிமை கோரினார். மோட்டாரும் பட்டியும் வேண்டாம், கருவியின் தலைக்குள்ளேயே ஒரு சிறு சக்கரம், அதை ஊதிச் சுழற்று என்பதே அவருடைய யோசனை. 1957இல் வாஷிங்டன் நகரப் பல் வைத்தியரான ஜோன் போடன் வெளியிட்ட எயரோட்டர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 300,000 சுற்றுகளை எட்டியது. சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பல் வைத்தியம் மாறிவிட்டது.

எமது நாட்டுக்கும் நியூசிலாந்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்நாட்டின் உதவியோடுதான் மகரகமையில் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களுக்கான பயிற்சி தொடங்கியது. இன்று எங்கள் பாடசாலைகளுக்கு வந்து பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் சகோதரிகள் அந்த வழியில் வந்தவர்களே.

இனிக் கருவிக்குள் போவோம். கார் ரயருக்குள் இருக்கும் அளவுக்கு, அதாவது 2 முதல் 3 பார் வரையான அமுக்கத்தில் காற்று குழாய் வழியே வருகிறது. தலைப்பகுதிக்குள் 8 மில்லிமீற்றர் அளவு விட்டமுள்ள ஒரு சக்கரம் இருக்கிறது. சுண்டுவிரல் நகத்தளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நுண்துளையால் பீறிட்டு வரும் காற்று அதன் தகடுகளில் மோதிச் சுழற்றுகிறது. லக்சபான மின்நிலையத்தில் மலையிலிருந்து விழும் நீர் பெல்ற்றன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதிச் சுழற்றுவதும் இதே தத்துவம்தான். அங்கே நீர், இங்கே காற்று. அங்கே மெகாவாற்று, இங்கே 10 முதல் 20 வாற்று வரை. ஒரு சிறிய எல்.ஈ.டி. குமிழின் வலுதான்.

இந்த இடத்தில் உயர்தரப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். கருவி வெறுமனே காற்றில் சுழலும்போதுதான் அதன் வேகம் உச்சம். பல்லில் வைத்த உடனே வேகம் இறங்கும். இன்னும் அழுத்தினால் நின்றே விடும். வெறுமனே சுழலும்போது வேகம் உண்டு, ஆனால் அது பயனுள்ள வேலை எதையும் செய்யவில்லை. நின்றுவிட்டால் முறுக்கம் உண்டு, ஆனால் சுழற்சி இல்லை. வலு என்பது முறுக்கத்தையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே இரண்டு முனையிலும் வலு பூச்சியம். நடுவில், உச்ச வேகத்தின் ஏறத்தாழப் பாதியில்தான் வலு மிகக் கூடுதலாக இருக்கும். பெல்ற்றன் சக்கரத்திலும், கிண்ணத்தின் வேகம் நீரின் வேகத்தில் பாதியாய் இருக்கும்போதே உச்ச வலு கிடைக்கிறது.

இதன் நடைமுறைக் கருத்து என்ன? விளம்பரத் தாளில் "400,000 சுற்றுகள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது, கருவி பல்லைத் தொடாதபோது ஓடும் வேகம். பல்லைத் தொட்டபின் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதே எங்களுக்கு வேண்டும். மாட்டைச் சந்தையில் ஓடவிட்டுப் பார்த்து வாங்கினால் போதாது, கலப்பையில் பூட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தலையின் பருமன். எங்கள் வீடுகளில் குரக்கன் அரைக்கும் திருகை இருந்தது. அதன் பிடி ஏன் ஓரத்தில் இருக்கிறது? நடுவுக்கு அருகே பிடியை வைத்தால் ஒரு தள்ளில் கல் வேகமாய்ச் சுற்றி வரும், ஆனால் தள்ளுவதற்குப் பெரும்பாடு பட வேண்டும். ஆரை கூடினால் முறுக்கம் கூடும். காற்றுச் சக்கரமும் அப்படித்தான். பெரிய சக்கரம் மெதுவாகச் சுழலும், ஆனால் பல்லில் அழுத்தினால் இலகுவில் நிற்காது. சிறிய சக்கரம் வேகமாகச் சுழலும், கொஞ்சம் அழுத்தினாலே தளர்ந்துவிடும். அப்படியென்றால் பெரியதையே வாங்கலாமே என்பீர்கள். ஆறு வயதுப் பிள்ளையின் வாய்க்குள், பின்னால் முளைத்திருக்கும் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பல்லுக்குப் பெரிய தலை போகாது. போனாலும் அது மறைப்பதால் எனக்குப் பல் தெரியாது. ஆகவே பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்குச் சிறுதலை ஒன்று என இரு வகையும் வேண்டும். தலையைப் பெரிதாக்காமல் முறுக்கத்தைக் கூட்டவே தகடுகளை வளைத்துக் கிண்ணம்போல் செய்கிறார்கள், காற்றுத் துளைகளின் எண்ணிக்கையையும் கோணத்தையும் மாற்றுகிறார்கள், வேலை முடித்த காற்று தடையின்றி வெளியேற வழி விடுகிறார்கள். வெளியேறும் வழி நெருக்கமாயிருந்தால், உள்ளே எவ்வளவு ஊதினாலும் பயனில்லை.

மூன்றாவது, சக்கரத்தைத் தாங்கும் பெயாரிங். 8 மில்லிமீற்றர்ச் சக்கரம் நிமிடத்துக்கு 400,000 முறை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு 600 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அதைத் தாங்குபவை கடுகளவு குண்டுகள். முன்பு எல்லாம் உருக்குக் குண்டுகள். இப்போது சிலிக்கன் நைத்திரைட்டு என்னும் பீங்கான் வகைக் குண்டுகளும் வருகின்றன. அவற்றின் எடை உருக்கின் எடையில் பாதிக்கும் குறைவு. எடை குறைந்தால் வெளிநோக்கித் தள்ளும் விசை குறையும், தேய்வும் குறையும். எந்தக் குண்டானாலும் எண்ணெய் இல்லாமல் ஓடினால் கெட்டுவிடும். ஒவ்வொரு முறையும் கிருமியழிக்க வைப்பதற்கு முன் ஒரு பீய்ச்சு எண்ணெய் விடும் தாதியோ உதவியாளரோ இருந்தால் அந்தக் கருவிக்கு ஆயுள் கூடும். பெயாரிங் தேய்ந்தால் ஊசி நடுக்கம் கொள்ளும். சத்தமும் மாறும். அனுபவமுள்ள உதவியாளர் சத்தத்தைக் கேட்டே "இது போகப் போகுது டொக்டர்" என்று சொல்லிவிடுவார்.

நான்காவது, நீர். துளைக்கும்போது உண்டாகும் சூட்டைத் தணிக்கத் தலையிலிருந்து நீர் தூவப்படும். பல்லுக்குள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் கொண்ட உயிருள்ள கூழ் இருக்கிறது. 1965இல் சாக், கோகென் என்னும் இருவர் குரங்குகளில் செய்த ஆய்வில், அந்தக் கூழின் வெப்பநிலை 5.5 பாகை செல்சியசு கூடியபோதே 15 சதவீதமான பற்கள் மீளாமற் போயின. காய்ச்சல் வந்த உடம்பு போலத்தான், சில பாகைகளே போதும். ஆகவே நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றர் நீராவது ஊசி முனையில் விழ வேண்டும். ஒரு துளையால் மட்டும் நீர் வந்தால் பல்லின் மேடு அதை மறைத்துவிடும். மூன்று நான்கு துளைகள் சுற்றிவர இருந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் நனையும்.

இங்கேதான் எங்கள் மண்ணின் சிக்கல் வருகிறது. வன்னிக் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்க்காத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. தலைமயிர் நுழையும் அளவான அந்தத் துளைகளை அதே படிவு அடைத்துவிடும். காற்று வரும், சக்கரம் சுழலும், ஆனால் நீர் விழாது. நோயாளிக்கு மரக்க ஊசி போட்டிருப்பதால் சூடும் தெரியாது. சில மாதங்களின் பின் பல் செத்துப் போகும். ஆகவே கிணற்றுக் குழாயை நேரே பூட்டாமல், வடித்த நீரை நிரப்பும் தனிப் போத்தல் உள்ள அமைப்பையே நான் விரும்புவேன்.

ஐந்தாவது, கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. காற்றை நிறுத்தியபின்னும் சக்கரம் சிறிது நேரம் சுழலும். அந்தச் சில கணங்களில் அது காற்றை வெளியே தள்ளித் தலைக்குள் வெற்றிடம்போல ஒன்றை உண்டாக்கும். அப்போது நோயாளியின் எச்சிலும் இரத்தமும் உள்ளே உறிஞ்சப்படலாம். நல்ல கருவிகளில் இதைத் தடுக்கும் வால்வும் உள்வடிவமைப்பும் உண்டு. அவை இருந்தாலும் வெளிப்பக்கத்தைத் துடைத்தால் போதாது. ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் ஓட்டோகிளேவில், 134 பாகை செல்சியசு நீராவியில், ஆகக் குறைந்தது மூன்று நிமிடமாவது இருக்க வேண்டும். அது சூடேறி, உலர்ந்து, ஆறிக் கைக்கு வர ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். ஒரே ஒரு ஹான்ட்பீஸ் உள்ள நிலையத்தின் வாசலில் முப்பது பேர் காத்திருந்தால் என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் பின்னால் மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் கொம்பிரசர். நல்ல ஹான்ட்பீசைப் பழுதாக்கும் பொருட்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் நீராய்ப் படியும். மாரிகாலத்தில் தாங்கியின் அடிக் குழாயைத் திறந்தால் நீர் வழியும். அந்த ஈரம் பெயாரிங்குக்குப் போனால் துருதான். ஆகவே எண்ணெய் கலக்காத கொம்பிரசரும் காற்றை உலர்த்தும் அமைப்பும் அவசியம். ரயர் கடைக்கு வாங்கும் கொம்பிரசர் மலிவாய்க் கிடைக்கும், ஆனால் அது எண்ணெய்ப் புகையை நோயாளியின் பல்லுக்குள்ளே தள்ளும். எண்ணெய் பட்ட பல்லில் அடைப்பு ஒட்டாது.

மின்வெட்டு வந்தால்? 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கணக்கு இதுதான். 50 லீற்றர்த் தாங்கியில் அமுக்கம் 7 பாரிலிருந்து 5 பாருக்கு இறங்கும்வரை எமக்குக் கிடைப்பது 100 லீற்றர்க் காற்று. கருவி நிமிடத்துக்கு 45 லீற்றர் அளவில் குடிக்கும். ஆக இரண்டு நிமிடம். பாதி துளைத்த பல்லோடு நோயாளி வாயைத் திறந்தபடி இருக்க, எமக்குக் கிடைப்பது அந்த இரண்டு நிமிடம்தான்.

1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் மின்சாரமும் இல்லை, எரிபொருளும் அருமை. அன்று சூத்தைப் பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே வழிதான், பிடுங்குவது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இன்றும் தாய்மார் பிள்ளையைக் கூட்டி வந்து, "டொக்டர், அடைக்க வேண்டாம், புடுங்கி விடுங்கோ" என்கிறார்கள். அவர்கள் அறியாமையால் சொல்லவில்லை. அடைக்க வந்த நாளில் மெசின் பழுது, மறுமுறை வந்தபோது கரண்ட் இல்லை, மூன்றாம் முறை வர பஸ் காசு இல்லை. இந்த அனுபவம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கருவி ஒழுங்காக ஓடினால் அந்தப் பாடமும் மெல்ல மாறும்.

மின்சாரமே இல்லாத இடங்களுக்கும் ஒரு வழி உண்டு. 1980களில் தன்சானியாவில் தொடங்கி, 1994ஆம் ஆண்டு உலக சுகாதார தினத்தில் உலக சுகாதார நிறுவனம் முன்வைத்த முறை அது. கைக்கருவியால் மென்மையான சூத்தையைச் சுரண்டி, ஒட்டும் தன்மையுள்ள அடைப்பை வைப்பார்கள். சிறிய குழிகளுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, அது நல்ல முறை. ஆனால் எல்லாப் பல்லுக்கும் அது போதாது. மின்மோட்டாரால் ஓடும் ஹான்ட்பீசும் வந்துவிட்டது. நிமிடத்துக்கு 40,000 சுற்றும் மோட்டாரைப் பற்சக்கரத்தால் ஐந்து மடங்காக்கி 200,000 ஆக்குகிறார்கள். அழுத்தினாலும் வேகம் குறையாது. ஆனால் விலையும் பாரமும் கூட. பராமரிப்புப் பிழைத்தால் தலை சூடாகி உதட்டைச் சுடும். திருத்துவதற்கு ஆளில்லாத ஊருக்குக் காற்றுக் கருவியே இன்னும் பொருத்தம் என்பது என் எண்ணம். உள்ளிருக்கும் சக்கரத் தொகுதியைக் கழற்றிப் புதியதைப் போட்டால் வேலை முடிந்தது.

இனி வெளிநாட்டு அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் நேரடியாக ஒரு வேண்டுகோள். ஒரு சிகிச்சை நிலையத்து அலுமாரியில் உறை பிரிக்காத, விலையுயர்ந்த ஹான்ட்பீஸ்களைக் கண்டேன். நல்ல மனதோடு யாரோ அனுப்பியவை. அவற்றின் அடியில் நான்கு துளை. அங்கிருந்த குழாயிலோ இரண்டு துளை. பூட்ட முடியவில்லை. பொருத்தும் இடைத்துண்டு வாங்க யாரும் இல்லாததால் அவை அப்படியே கிடந்தன. ஆகவே அனுப்புவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று, அங்குள்ள குழாய் போடன் எனப்படும் இரு துளை இணைப்பா, மிட்வெஸ்ற் எனப்படும் நான்கு துளை இணைப்பா? ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

இரண்டு, கருவியில் 134 பாகை என்ற ஓட்டோகிளேவ் குறி இருக்கிறதா? உறிஞ்சலைத் தடுக்கும் அமைப்பு உண்டா?

மூன்று, அதன் உட்சக்கரத் தொகுதி கொழும்பில் வாங்கக் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் இரண்டு மேலதிகத் தொகுதிகளைச் சேர்த்தே அனுப்புங்கள்.

நான்கு, வேகத்தைக் கேட்காதீர்கள். வலு எத்தனை வாற்று, நீர்த்துளை எத்தனை என்று கேளுங்கள்.

ஐந்து, மிக விலை கூடிய ஒன்றைவிட நடுத்தர விலையில் நான்கு மேல். ஒன்று வாயில், ஒன்று ஓட்டோகிளேவில், ஒன்று ஆறிக்கொண்டு, ஒன்று கைக்காவலுக்கு.

ஆறு, எண்ணெய், காற்று உலர்த்தி, தாங்கியிலிருந்து நீர் வடிக்கத் தெரிந்த ஒருவருக்கான பயிற்சி. இவற்றுக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது. ஆனால் மற்ற எல்லாம் இவற்றில்தான் தங்கியிருக்கிறது.

மாணவிகளே, உங்களுக்கும் ஒரு சொல். பௌதிகவியலில் முறுக்கம், அமுக்கம், வலு என்று படிக்கும்போது "இது எங்கே உதவப் போகிறது" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். பேராதனையில் பல் வைத்தியம் படித்தபோது, அந்தப் பழைய சமன்பாடுகள்தான் எனக்குக் கருவியை விளக்கின. உங்களில் ஒருத்தி பல் வைத்தியராக வரலாம். இன்னொருத்தி மருத்துவக் கருவிகளைத் திருத்தும் பொறியியலாளராக வந்தால் நான் இன்னும் கூடுதலாக மகிழ்வேன். இன்று எங்கள் பக்கத்தில் ஒரு கருவி பழுதானால் தெற்கிலிருந்து ஆள் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். அந்த வேலையை எங்கள் பிள்ளைகளே செய்யலாம்.

நூறு ஆண்டுகளாக இந்தச் சங்கம் பாடசாலைக்குக் கொடுத்தவற்றுள் கட்டடங்களும் உண்டு, கதிரை மேசைகளும் உண்டு, பெயர் சொல்லாமல் கட்டிய பரீட்சைக் கட்டணங்களும் உண்டு. அடுத்து நீங்கள் எதைக் கொடுத்தாலும், அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பல் வைத்தியம் பற்றியதென்றால் என்னையும் கேட்கலாம், மதியம் இரண்டு மணிக்குப் பின். அதற்கு முன் என் இரு கையும் யாரோ ஒருவருடைய வாய்க்குள் இருக்கும்.